கருமபீடத்தின் இருபுறமும்

வணிக உலகிலே பிறந்த சொற்கள் சில, காலப்போக்கிற் சமூக வாழ்வின் ஏனைய துறைகளுள்ளும் புகுந்து நிலைபெற்றுவிடுகின்றன. ‘வாடிக்கையாளர் அனுபவம்’ என்பது அத்தகையதொரு சொற்றொடர். ஒருகாலத்தில் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் மாத்திரமே இதனைப் பேசின. இன்று வைத்தியசாலை பேசுகிறது, பல்கலைக்கழகம் பேசுகிறது, அரசாங்கத் திணைக்களமும் பேசுகிறது. கந்தோருக்கு நேரில் வருபவரும் இணையத்தின் வழியாக வருபவரும் ஒரே தரமான, இனிமையான சேவையைப் பெறும்வண்ணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வடிவமைத்தல் வேண்டும் என்பது இத்துறை வல்லுநரின் கொள்கை. கந்தோர் வாயிலில் அரைநாளைக் கழித்துவிட்டு, ‘நாளைக்கு வாருங்கள்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு வீடு திரும்பிய எவரும் இக்கொள்கையை எள்ளி நகையாடத் துணியார்.

ஆயின், இக்கொள்கைக்குப் பின்னால் ஒழுக்கவியல் சார்ந்த பழைய வினாவொன்று மறைந்து நிற்கின்றது. ஒரு மனிதனை நன்றாக நடத்துதல் என்றால் என்ன? அவன் மனம் நோகாமற் பார்த்துக்கொள்வதா? அன்றி, அவனுக்கு உரியதை அவனுக்குக் கொடுப்பதா? இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணத்தில்தான் வடிவமைப்பு வல்லுநரின் நூல்கள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதே நமது கருத்து.

ஜெர்மானிய மெய்யியலாளரான இம்மானுவேல் கான்ட், 1785 இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலிலே ஒரு கடைக்காரனை நமக்குக் காட்டுகிறார். அக்கடைக்காரன் விவரமறியாதவனிடம் கூடுதல் விலை கேட்பதில்லை. எல்லோர்க்கும் ஒரே விலை. சிறு குழந்தை தனியே வந்தாலும் ஏமாறாமல் வாங்கிச் செல்லலாம். ஆனால் அவன் இவ்வாறு நடப்பது தனது வியாபாரம் கெடாதிருத்தற் பொருட்டேயாகலாம். அவ்வாறாயின், செயல் சரியானதே எனினும் அதற்கு ஒழுக்கப் பெறுமதி கிடையாது என்பது கான்டின் முடிபு. கடைக்காரனின் நெஞ்சைத் துருவிப் பார்ப்பவருக்கு இம்முடிபு சரியாகவே தோன்றும். ஆனால் அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்று பார்ப்போமானால் நிலைமை வேறு. குழந்தைக்கு வேண்டியது கடைக்காரனின் தூய நெஞ்சமன்று, சரியான விலை. விலைபேசும் வழக்கம் எங்கும் நிலவிய காலத்தில், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தவர், ஒரே விலை என்னும் ஏற்பாட்டை ஒரு நெறியாகவே கைக்கொண்டனர். பேசத் தெரிந்தவனுக்கு மலிவாகவும் தெரியாதவனுக்குக் கூடவும் விற்பது பொய்யுரைப்பதற்குச் சமம் என்பது அவர்கள் வாதம். பிற்காலத்துப் பெருங்கடைகள் இதே ஏற்பாட்டை இலாபம் கருதி ஏற்றுக்கொண்டன. நோக்கம் மாறியது, குழந்தைக்குக் கிடைத்த நீதி மாறவில்லை.

நம்முடைய பழைய இலக்கியமும் இவ்விடயத்தில் தெளிவாகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, அவர்களுடைய இன்முகத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வாங்கும்போது கூட எடுக்காமையையும் விற்கும்போது குறைத்துக் கொடாமையையுமே அது பாராட்டுகின்றது. அளவும் நடுவுநிலையுமே அங்கு சிறப்பு.

நல்ல ஏற்பாடொன்று, அதனை நடத்துபவரின் நல்ல மனத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. சேவையை வடிவமைக்க வேண்டும் என்பவர்களுக்கு இதனைவிடச் சிறந்த நியாயம் கிடையாது. வியப்பு என்னவெனில், அவர்கள் இதனை அரிதாகவே கூறுகின்றனர். அவர்கள் கூறுவதெல்லாம் அனுபவம், உணர்வு, விசுவாசம் என்பவற்றைப் பற்றியே.

ஸ்கண்டிநேவிய விமான சேவையின் தலைமையை 1981 இல் ஏற்ற யான் கார்ல்சொன் என்பவரின் கணக்கு இத்துறையிலே வேதவாக்குப் போல எடுத்தோதப்படுகிறது. ஓராண்டில் ஏறத்தாழ 1 கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 5 ஊழியரைச் சந்திக்கின்றனர். ஒவ்வொரு சந்திப்பும் சராசரி 15 விநாடி. ஆகவே நிறுவனம் ஆண்டொன்றுக்கு 5 கோடித் தடவை, தடவைக்கு 15 விநாடியாகப் பயணிகளின் உள்ளத்திலே பிறக்கின்றது என்றார் அவர். இந்தக் கணக்கை எல்லோரும் படித்தார்கள். ஆனால் அதே மனிதர், அந்த 15 விநாடியில் முடிவெடுக்கும் அதிகாரத்தை முன்வரிசை ஊழியரிடமே ஒப்படைக்க வேண்டும், மேலதிகாரியின் அனுமதிக்காக அவர் காத்திருத்தல் கூடாது எனவும் வற்புறுத்தினார். அந்தப் பகுதி அவரைப் பின்பற்றியோரின் கண்ணிற் படவில்லை போலும். ஊழியருக்கு அதிகாரம் கொடாமற் புன்னகையை மட்டும் கட்டாயமாக்குவது செலவில்லாத காரியமல்லவா?

அப்புன்னகைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1983 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே எடுத்துக்காட்டினார். விமானப் பணிப்பெண்கள், பயணிகள் அமர்ந்திருக்கும் இடத்தைத் தமது வீட்டு வரவேற்பறையாகவும் பயணிகளைத் தமது விருந்தினராகவும் நினைத்துக்கொள்ளுமாறு பயிற்றப்பட்டனர். கைகால்களின் உழைப்போடு உள்ளத்தின் உணர்ச்சியும் சம்பளத்துக்கு விற்கப்படும் பண்டமாயிற்று. இதனை அவர் ‘உணர்ச்சி உழைப்பு’ என்றார். கடன் அறவிடுவோரையும் அவர் ஆராய்ந்தார். அவர்களுக்குப் பயிற்றப்பட்டது இதற்கு நேர் எதிரான கடுமை. ஒரே சந்தை ஒருவரிடம் கனிவையும் மற்றவரிடம் கடுமையையும் கொள்வனவு செய்கிறது. விருந்தோம்பலைத் தனியோர் அதிகாரமாகப் பாடிய வள்ளுவர், விருந்தை ஓம்புபவருக்கு மணித்தியாலக் கூலி நிர்ணயிக்கவில்லை.

வங்கித்துறையிலே பணியாற்றிய லின் ஷொஸ்ராக் என்னும் அம்மையார் 1984 இல் எழுதிய கட்டுரை, சேவையை ஒரு கட்டடத்தைப் போல வரைபடமாக வரையலாம் என்று காட்டியது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருமுனையிற் சப்பாத்துத் துடைப்பவனின் தொழில். தூரிகையால் துடைத்தல், மெழுகு பூசுதல், மினுக்குதல், காசு வாங்குதல் என்று ஒவ்வொரு படியும் வரையப்பட்டு, அதற்குரிய நேரமும் குறிக்கப்படுகின்றது. முழுவேலைக்கும் 2 நிமிடம் போதும். 5 நிமிடம்வரை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். அப்படத்தின் குறுக்கே ஒரு கோடு செல்கின்றது. வாடிக்கையாளர் காணக்கூடியன கோட்டுக்கு மேலே, காணவியலாதன கீழே. இதற்குப் ‘பார்வைக் கோடு’ என்று பெயர். மெழுகு எங்கிருந்து வந்தது, யார் சுமந்து வந்தார் என்பதெல்லாம் கோட்டுக்குக் கீழே.

இக்கோட்டினை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சந்தைக்கு வரும் பண்டம், தன்னை உருவாக்கிய மனித உறவுகளை மறைத்துக்கொண்டு, தானே பெறுமதியுடைய ஒன்றாய்க் காட்சியளிக்கின்றது என்று மார்க்ஸ் 1867 இல் எழுதினார். ஷொஸ்ராக் அம்மையாருக்கு அத்தகைய நோக்கம் இருந்திராது. ஆயினும் மார்க்ஸ் விளக்கியதை அவர் ஒரு கோடாகவே வரைந்து தந்துவிட்டார். நல்ல அனுபவம் எனப்படுவது, கோட்டுக்குக் கீழேயுள்ளது மேலே தெரியாமற் பார்த்துக்கொள்வதாகவே பெரும்பாலும் முடிகின்றது. திறன்பேசியிலே விரலால் ஒருமுறை தொட்டவுடன் சோற்றுப்பொதி வாசலுக்கு வருகிறது. மழையிலே மோட்டார் சைக்கிளில் அதனைக் கொண்டுவந்தவன், நமக்குத் திரையில் நகரும் ஒரு புள்ளி.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்க்கு நேரக்கூடிய கதியைப் பிரித்தானியத் தபாற் சேவையின் வரலாறு கொடூரமாக உணர்த்தியது. அந்நாட்டு உபதபாலகங்களின் கணக்குகள் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணினி முறைமைக்கு மாற்றப்பட்டன. முறைமையிற் பிழையிருந்தது. இல்லாத பணம் குறைந்ததாக அது காட்டியது. கருமபீடத்தின் பின்னால் இருந்த உபதபாலதிபர்கள் தாம் களவாடவில்லை என்றனர். பொறி பிழைவிடாது என்றது நிர்வாகம். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோர் பலருக்கு, இத்தகைய சிக்கல் உங்களுக்கு மாத்திரமே ஏற்பட்டிருக்கிறது என்று பதில் கிடைத்தது. 2015 வரையான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். 2024 இலேதான் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கியது. இத்தனை ஆண்டுகளும் முத்திரை வாங்க வந்தவரின் ‘அனுபவம்’ நன்றாகவே இருந்திருக்கும். கோட்டுக்கு மேலே எந்தக் குறையும் இருக்கவில்லை!

இவற்றையெல்லாம் கேட்கும் நண்பர் சிலர், பொறியும் திரையும் வேண்டாம். மனிதன் மனிதனை முகம்பார்த்துப் பேசிய பழைய காலமே மேலானது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். கிராமத்துக் கடையையும், கடன் கொப்பியையும், ‘என்ன தம்பி, அம்மாவுக்குச் சுகமோ’ என்று விசாரித்த முதலாளியையும் நினைவுகூர்ந்து உருகுகின்றனர். இந்த உருக்கம் நம்மால் ஏற்கக்கூடியதன்று.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளை எண்ணிப் பாருங்கள். அங்கும் முகம்பார்த்தே பேசினார்கள். முகம் பார்த்தபடியால்தான், இன்னார் மகன் இவன் என்று அறிந்தபடியால்தான், ஒருவனுக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவனுக்குப் போத்தலும் சிரட்டையும் கொடுக்கப்பட்டன. ஒருவன் வாங்கில் அமர்ந்தான். மற்றவன் வாசலில் நின்றான். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் கடைக்காரர் மனம் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும், அடியும் உதையும் உயிர்ப்பலியுமே அக்கதவுகளைத் திறந்தன. அப்போராட்டத்தில் நின்றவர்கள் கடைக்காரனின் அன்பை வேண்டவில்லை. காசு கொடுத்தால் எல்லோர்க்கும் ஒரே குவளை என்றே கேட்டார்கள். கான்டின் குழந்தைக்குக் கிடைத்த அதே நீதியை அவர்கள் கேட்டார்கள். தானியங்கிப் பணப்பொறி சாதி விசாரிப்பதில்லை. வரிசை இலக்கம் கொடுக்கும் பொறி, முதலாளியின் மைத்துனனுக்கு முன் இலக்கம் கொடுப்பதில்லை. ஆளறியாமை என்பதிலும் ஒருவகை விடுதலை உண்டு. அதனைச் சுவைத்தறிந்தவர், முன்பு வாசலில் நின்றவரே.

எரிபொருள் நெருக்கடி நேர்ந்த 2022 ஆம் ஆண்டிலும் நாம் இதனைக் கண்டோம். அவ்வாண்டின் முற்பாதியிலே நாட்டின் எப்பகுதியிலும் நிரப்பு நிலைய வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. வரிசையிற் காத்துநின்ற முதியவர் சிலர் மயங்கி வீழ்ந்து மாண்டனர். எரிபொருள் இன்மையைவிட, பின்கதவால் யாருக்கோ போகிறது என்ற ஐயமே வரிசையில் நின்றோரைக் கொதிக்கச் செய்தது. காத்திருத்தலின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்ரர் 1985 இல் எழுதியபோது, காரணம் கூறப்படாத காத்திருப்பும் நீதியற்ற காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்றார். பின்னர் வாகனத்துக்கு ஒரு குறியீடும் வாரத்துக்கு ஓர் அளவும் வகுக்கப்பட்டன. எரிபொருள் பெருகிவிடவில்லை, ஆயினும் வரிசைகள் குறுகின. திறன்பேசி இல்லாதவர் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு, மேலே பிளாஸ்ரிக் உறை போட்டு, முச்சக்கர வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டனர். கடதாசியையும் ஏற்றுக்கொண்டது அவ்வேற்பாட்டின் சிறப்பு. 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் அவசரமாகச் செய்யப்பட்ட ஒன்று, பல்லாண்டு திட்டமிட்டுச் செய்தவற்றைவிட நன்றாக அமைந்தமைக்குக் காரணம் எளிது. பங்கீடு சமமாக இருந்தால் அதனைச் செய்யும் கருவி எளிமையாக இருந்தாற் போதும்.

பங்கீடே சமமற்றதாயின்? அல்லது, பொறி அறிந்துவைத்திருக்கும் மனிதன் ஒருவனும் வாசலுக்கு வரும் மனிதன் வேறொருவனுமாயின்?

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே, கைவிரல் அடையாளத்தைப் பொறி ஏற்றுக்கொண்டாலன்றிப் பங்கீட்டு அரிசி இல்லை என்னும் ஏற்பாடு 2016 அளவிற் பரவியது. பொருளியலாளர் ஜான் திரேசும் அவரோடு பணியாற்றியோரும், உரிமையுடையோர் பலர் வெறுங்கையுடன் திரும்புவதைக் களத்திற் கண்டு எழுதினர். மண் வெட்டியும் கல் சுமந்தும் உழைத்தவரின் விரல்ரேகை தேய்ந்துபோகும். முதியவரின் ரேகையும் மங்கிவிடும். உழைக்காத கையை உடனே அடையாளம் காணும் பொறி, உழைத்துத் தேய்ந்த கையை யாரென்று கேட்கின்றது. சாதி விசாரியாத பொறி என்று சற்று முன்னர் பாராட்டினோம். வர்க்கத்தை அது விசாரிக்கின்றது; விசாரிப்பதாகத் தானே அறியாமல் விசாரிக்கின்றது.

அவுஸ்திரேலியாவில் 2015 இல் அறிவிக்கப்பட்ட ‘ரோபோடெற்’ என்னும் திட்டம் இதனினும் நுட்பமானது. உதவிப்பணம் பெற்றவரின் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுப் பார்த்தது கணினி. மூன்று மாதம் உழைத்து ஒன்பது மாதம் வேலையின்றி இருந்த கூலித்தொழிலாளி, ஆண்டு முழுவதும் உழைத்தவனாகக் கணக்கிற் காட்சியளித்தான். வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு என்று கடிதம் சென்றது. பிழையென நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையது; பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சிட்டையை அவனே தேடவேண்டும். 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கடன்கள் இவ்வாறு பொய்யாகச் சுமத்தப்பட்டன. அரசாங்கம் 2020 இல் 70 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கொடுக்க இணங்கியது. 2023 இல் வெளிவந்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இங்கிலாந்தின் கென் லோச் 2016 இல் நெறிப்படுத்திய ‘நான், டானியல் பிளேக்’ என்னும் திரைப்படத்தை மாணவர்கள் தேடிப் பார்த்தல் நன்று. கணினியறியாத, இதயநோய் கண்ட தச்சுத்தொழிலாளி ஒருவர் உதவிப்பணப் படிவத்தோடு படும் பாடு அது.

நம் நாட்டிலே 2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம், குடும்பத்தின் வறுமையை 6 துறைகளைச் சார்ந்த 22 சுட்டிகளால் அளந்தது. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. பிழைகள் நேராத பட்டியல் எங்கும் இல்லை. ஆனால், ஏன் தனது பெயர் இல்லை என்று கேட்ட பெண்ணுக்குக் கிராம அலுவலராலும் விளக்கங்கூற இயலாதிருந்தமையே இங்கு கவனிக்கத்தக்கது. கணினி அப்படிச் சொல்கிறது என்பது அவரது பதில். கருமபீடத்தின் இருபுறத்திலும் இருந்தோர் ஒரே அளவு அறியாதவர்களாக ஆக்கப்பட்டனர்.

வாடிக்கையாளர் என்ற சொல் பிழைபடுவது இவ்விடத்திலேதான். ஒரு கடையில் மரியாதை இல்லையெனில் அடுத்த கடைக்குப் போகலாம். பிரசைக்கு வேறு கடை இல்லை. பிறப்புச் சான்றிதழை எந்தப் போட்டி நிறுவனத்திடம் பெறுவது? போக்கிடமற்றவனிடம் காட்டப்படும் இனிமை வேறு ஏதோ ஒன்றுக்கு ஈடாக வழங்கப்படுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ‘இரவு’ என்று ஓர் அதிகாரமும் ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், கேட்டுப் பெறுதலின் இழிவை நன்கறிந்தவர். உரிமையைக் கேட்க வந்தவனை இரப்பவனாக்குவது கருமபீடத்தின் பழைய வித்தை. இணையத்தளம் அதனை மாற்றியதா?

நமது ஊர்களிலே என்ன நடக்கின்றது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். படிவம் நிரப்பித் தருமாறு நம்மிடமும் வருகிறார்கள். கச்சேரி வாசலில் மரநிழலிலே தட்டச்சுப் பொறியோடு இருந்த மனு எழுதுவோர் அருகிவிட்டனர். அவர்கள் இடத்தைச் சந்தியிலுள்ள ‘கொமியூனிகேஷன்’ கடை பிடித்துக்கொண்டது. இணையத்தின் வழி இலவசமாகச் செய்யலாம் என்று திணைக்களம் விளம்பரம் செய்யும் ஒவ்வொரு கருமத்துக்கும் அக்கடையில் ஒரு கட்டணம் உண்டு. ஓய்வூதியம் பெறும் முதியவரின் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியவர் கடைக்காரப் பையன். கடவுச்சொல் அவன் கொப்பியில் இருக்கின்றது. திணைக்களத்தின் வரைபடத்தில் இந்தக் கடை இல்லை, பையனும் இல்லை. விண்ணப்பங்கள் யாவும் நேரடியாக வந்ததாகவே அங்கு பதிவாகும். மனிதரை நீக்கிவிட்டதாக எண்ணப்படும் சேவையிலே மனிதர் பார்வைக் கோட்டுக்குக் கீழே இறக்கப்பட்டிருக்கின்றனர், அவ்வளவுதான். அப்பையன் பெரும்பாலும் நல்லவனாகவே இருக்கின்றான் என்பதை நாம் சொல்லியாக வேண்டும். ஆனால் கான்டின் கடைக்காரனைப் போல, அவன் நல்லவனாக இராவிடில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடையாது.

மொழியைப் பற்றியும் கூறாதிருக்க முடியாது. 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தைத் தமிழ்ப்பொதுமகன் பாராளுமன்ற விவாதங்களில் அன்று, கருமபீடத்திலேயே உணர்ந்தான். தனக்கு வந்த கடிதத்தை வாசிக்கப் பிறரைத் தேடியபோது உணர்ந்தான். 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென்றது. 1988 இன் 16ஆவது திருத்தம் அதனை விரிவாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. எழுத்தில் குறைவில்லை. ஆயினும் ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தியபின் ஆங்கிலப் படிவமே திறக்கும் அரசாங்க இணையத்தளங்களை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். திறப்பது தமிழாயிருப்பினும், அது எவரும் பேசாத, எவருக்கும் விளங்காத தமிழாக இருப்பதுண்டு. சிங்கள மூலத்தையும் ஆங்கில மூலத்தையும் பார்த்தபின்னரே தமிழ் வாசகம் புரிகின்றது! மலையகத்தில் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து நாட்கூலியை இழந்து நிற்கும் தொழிலாளிக்கு இது வெறும் மொழிநடைப் பிரச்சினையன்று.

பொறியா, மனிதனா என்று விவாதிப்பதில் நாம் காலத்தைக் கழிக்கவேண்டியதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுத்ததற்கான காரணத்தை அவரது மொழியில் எழுத்திலே பெறும் உரிமை விண்ணப்பதாரிக்கு இருக்கின்றதா என்பதே கேள்வி. அதனைத் திருத்தும் அதிகாரமுள்ள மனிதர் ஒருவர் அவர் நடந்து சென்றடையக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். அம்மனிதர்க்குப் புன்னகைப் பயிற்சியைவிட அந்த அதிகாரமே முதலில் வேண்டும். கார்ல்சொன் சொல்லியும் எவரும் கேளாத பகுதி இது. அஸ்வெசும விடயத்தில் கிராம அலுவலரிடம் அவ்வதிகாரம் இருந்திருந்தால், எத்தனையோ மேன்முறையீடுகள் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். இவை இலவசமாகக் கிடைப்பன அல்ல. ஆட்குறைப்பைச் சிக்கனம் என்று கொண்டாடும் நிர்வாகம், இணையத்தைக் காரணங்காட்டிக் கருமபீடங்களை மூடவே விரும்பும். அங்கே தொழிற்சங்கமும் பொதுமகனும் ஒரே பக்கத்தில் நின்றாக வேண்டும். இதுவரை அவ்வாறு நின்றதில்லை. வரிசையில் நிற்பவன் இலிகிதரையே பகைவனாகக் காண்கிறான்.

2016 இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கின்றது. ஒரு பிரதேச செயலகத்தில் ஓராண்டில் எத்தனை விண்ணப்பங்கள் எக்காரணத்தால் மறுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனைக்குக் காரணம் தமிழில் அறிவிக்கப்பட்டது என்று எவரும் எழுதிக் கேட்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் ஆசிரியர் ஒருவரின் துணையோடு ஒரு விடுமுறையிற் செய்யக்கூடிய வேலை இது. சந்திக் கடைகளில் எந்தெந்தப் படிவத்துக்கு எவ்வளவு அறவிடப்படுகிறது என்பதையும் கூடவே குறித்து வந்தால், திணைக்களத்தின் வரைபடத்தில் இல்லாத பகுதியை நாமே வரைந்துவிடலாம். இச்சஞ்சிகையின் வாசகர் எவரேனும் அவ்வாறு தொகுத்து அனுப்புவாராயின், அடுத்த கட்டுரையை அவர்களுடைய எண்களிலிருந்தே தொடங்குவோம்.